டிரைவர் படுக்கும் இடம்

குடும்பத்தோடு டூர் போகிறவர்கள் டிரைவரை வண்டியின் உதிரி பாகமாகத்தான் நினைக்கிறார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான்.

இன்று மாலை செம்பட்டி அருகே ரோட்டோரம் ஒரு பழைய லாட்ஜில் இறங்கினோம். விடிந்ததும் கொடைக்கானல் மலை ஏற வேண்டும். எங்கள் எல்லோருக்கும் கட்டில் கிடைத்தது. காலையிலிருந்து வேன் ஓட்டிய ஆரோக்கியம் அண்ணனுக்கு மட்டும் இல்லை.

மேனேஜரிடம் கேட்டேன்.

"டிரைவருக்கு ரூம் குடுக்கிறதில்ல தம்பி. வண்டியிலதான் படுப்பாங்க. குளிக்க வெளிய குழா இருக்குல்ல" என்றார், கரிசனமாக.

"எல்லா எடத்துலயும் இதான வழக்கம்" என்றார் அப்பா.

அண்ணன் சிரித்தார். "விடு அப்பு. சீட்டுல மடங்கிப் படுத்துப் படுத்து நானே மடக்குக் கத்தி மாதிரி ஆயிட்டேன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் சொருகியது. நாளை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எங்கள் உயிர் அந்தக் கண்களை நம்பித்தான் இருக்கும்.

"அப்பா, நான் வேன்ல படுத்துக்கிறேன். என் கட்டிலை அண்ணனுக்குக் குடுங்க. மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன்.

ராத்திரிக்குப் புரோட்டாவா தோசையா என்று அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் போன டூரில் உங்கள் டிரைவர் எங்கே படுத்தார்? யாராவது ஒருவர் சொல்லுங்கள்.