யாரும் பார்க்காத முட்டி

ஈப்போ பக்கம் ஓர் அரசாங்க கிளினிக்கில், என்னைப் போலவே முட்டி வலிக்கு வந்த அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய உடம்பு, குச்சி. முட்டி இரண்டும் தேங்காய். நம்பர் வந்ததும், டாக்டர் பார்க்க வசதியாக சிலுவாரை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டே நிமிடத்தில் மருந்துச் சீட்டோடு வெளியே வந்தார்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே வெயிட்டக் குறைங்கன்னாரு லா. நாலு வருஷமா இதேதான். இன்னும் குறைச்சா அடுத்த தடவ முட்டி மட்டும்தான் வரும். அப்பவாவது பாப்பாங்க."

சிலுவாரை இறக்கிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். நாலு வருஷமாக யாரும் பார்க்காததை இவர் ஏன் இன்னும் சுருட்டிக் காட்டுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டார்கள். குனிந்து என் சிலுவாரைச் சுருட்டினேன்.