பெண் பார்க்க வந்தவர்களை எனக்குத் தெரியாது

தறி நெய்யும் எங்கள் வீட்டுக்காரர் குடியை விட்டது படவேட்டு அம்மன் அருள். அதற்கு அம்மன் பார்த்து வைத்த இடம் ஆரணியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒரு அறையில் உட்காருவார்கள். பக்கத்து அறையில் அவர்கள் வீட்டுப் பெண்கள், நாங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் முகவாயில் இடிக்கும். டாக்டர் கிடையாது, உபதேசம் கிடையாது. பட்டவர்கள் பட்டதைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்போம். பெயர் சொல்லக் கூடாது. கேட்டதை வெளியே பேசக் கூடாது. வெளியில் பார்த்தாலும் தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் பெரிய பேஜார். சேவூர் பஸ்ஸில் என் பக்கத்திலேயே ஒருத்தி உட்காருவாள். போன வாரம் என் தோளில் சாய்ந்து அழுதவளாக இருப்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன், அவள் டிக்கெட்டைப் படிப்பாள்.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தவர் களம்பூர்க்காரம்மா. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். பாட்டிலை அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைப்பாராம். "ஒரு நாள் மூடி கழண்டு பூட்ச்சி. அன்னிக்கி எங்க வீட்டு சோறே தள்ளாடிச்சி" என்றார். நானும் என்னுடையதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் பெருமாள் படத்துக்குப் பின்னால் இருந்தது. தெரியாமல் ஒரு வாரம் அதற்குக் கற்பூரம் காட்டியிருக்கிறேன். "நல்லவேளை, பத்திக்காம போச்சே!" என்றார் களம்பூர்க்காரம்மா. அறையே சிரித்தது. வீட்டில் நெஞ்சடைத்து அழுத விஷயம். அங்கே நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு மகளுக்கு வரன் வந்தது. பையனுக்குச் செய்யாறு பக்கம் கம்பெனி வேலை, தரகர் சொன்னது அவ்வளவுதான். பெண் பார்க்கும் நாளில் தரகர் முன்னால் வர, பின்னால் வாசலில் கால் வைத்தது களம்பூர்க்காரம்மா. பார்த்ததும் அந்தக் கால் அப்படியே நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரரும் பையனும், எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். பெரியவர்கள் இருவரும் ஞாயிறு தவறாமல் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்.

விதி விதிதான். "வாங்க, வாங்க" என்றேன். "வணக்கம்ங்க" என்றார்கள். எங்களவர் நடிப்பு தாங்கவில்லை. அவர் லாரி ஓட்டுபவர் என்று தரகர் சொன்னதும், "லாரிங்களா? அப்படியா? லாரிங்களா!" என்று மூன்று தரம் கேட்டார். நான் மட்டும் என்ன கிழித்தேன்? களம்பூர்க்காரம்மாவுக்குக் காபி கொடுக்கும்போது, "இது உங்களுது, சர்க்கரை போடல" என்று சொல்லிவிட்டேன்.

தரகர் நிமிர்ந்தார். "எப்டிம்மா தெரியும்?"

"மொகத்த பார்த்தா தெரியுதுங்க."

அவர் நம்பினாரோ இல்லையோ, முறுக்கை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். "ரெண்டு வீடும் பத்தரமாத்துத் தங்கம். சம்மந்திங்க ரெண்டு பேரும் பச்சத் தண்ணிய தவிர எதையும் தொட்டதில்ல. நான் விசாரிச்சிட்டேன்."

வாயை மூடினால் என் பெண் ஒரு பொய்யின் மேல் போய்க் குடித்தனம் வைப்பாள். வாயைத் திறந்தால் ஒருத்தி என்னை நம்பிச் சொன்னதைச் சந்தையில் வைத்தவள் ஆவேன். தாயே, நீயே பார்த்துக்கொள் என்று கண்ணை மூடினேன்.

திறந்தபோது எங்களவர் டம்ளரைக் கீழே வைத்திருந்தார்.

"தரகரே, ஒரு நிமிஷம். அவங்க வீட்ட பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னைப் பத்தி சொல்றேன். நான் குடிகாரன். இன்னிக்கி குடிக்கல."

தரகர் வாயில் முறுக்கு பாதியில் நின்றது. களம்பூர்க்காரர், வாத்தியார் கேள்வி கேட்டதுபோல எழுந்து நின்றார்.

"நானும் குடிகாரன். இன்னிக்கி குடிக்கல."

எங்கள் கூட்டத்தில் ஆண்கள் அறையில் ஒருவர் இப்படிச் சொல்வது கேட்டால், இந்தப் பக்கம் நாங்களும் கை தட்டுவது வழக்கம். பழக்கதோஷம், நானும் களம்பூர்க்காரம்மாவும் படபடவென்று தட்டிவிட்டோம்.

"இன்னாய்யா இது! பொண்ணு பாக்க வந்த எடத்துல சண்ட போடுவாங்க, பாத்துகினு இருக்கேன். கை தட்டறாங்களே!" என்றார் தரகர்.

அப்போது அடுக்களையிலிருந்து என் மகள் குரல் வந்தது.

"அம்மா, அப்பாங்க சரி. அவரு?"

எல்லாரும் பையனைப் பார்த்தோம். அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காலேஜ்ல ஒரு தபா பீர் குடிச்சேங்க."

"எப்படா?" என்று பாய்ந்தார் களம்பூர்க்காரம்மா. "எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொன்னா ஞாயித்துக்கெழம போய் அங்க சொல்லுவியேமா." பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "பாதி கூட எறங்கலீங்க. அப்பா வாந்தி எடுத்தா நான்தான் கழுவுவேன். அந்த நாத்தம் நெனப்புக்கு வந்துச்சி, எழுந்து வந்துட்டேன்" என்றான்.

மகள் வெளியே வந்துவிட்டாள். கையில் தட்டும் இல்லை, தலையில் குனிவும் இல்லை.

"வெறும் தண்ணி ஊத்தி கழுவுவீங்களா?"

"வெறும் தண்ணி ஊத்துனா பரவிடும்ங்க. மொதல்ல சாம்பல் போட்டு வாரிடணும்."

"ஆமா. நானும் அப்டிதான். அப்புறம் பினாயில்."

"எங்க வீட்ல எலுமிச்சம்பழத் தோலு."

"அதுக்கு நாத்தம் கேக்குதா?"

"நல்லா கேக்கும்ங்க."

பெண் பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. இரண்டு அப்பாக்களும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தரகர் காபியைத் தள்ளி வைத்துவிட்டார்.

அவர்கள் போனதும் மகளைக் கேட்டேன். "இன்னாடி சொல்ற? வேணாம்னா இப்பவே சொல்லிடு, ஒண்ணும் தப்பில்ல."

"சரின்னு சொல்லிடும்மா."

"அவங்கிட்ட அப்டி இன்னாடி புடிச்சுது?"

"கேட்ட ஒடனே சொல்லிட்டாரு" என்றாள். "அப்பா வாயில இருந்து அத வரவழைக்க நீ எத்தினி கோயில் ஏறி எறங்கன?"

எங்களவர் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்து, நூலில் ஏதோ சிக்கு இருப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.