சிஸ்டருக்கு ஆப்

நர்ஸுக்குக் கணவனாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். லீவு போட்டால் மாற்று ஆள் கிடைக்காத உத்தியோகம். ரயில் கார்டு, போலீஸ்காரர், தந்தி ஆபீஸ்காரர் வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் பண்டிகை காலண்டர்படி வருவதில்லை, டியூட்டிப்படிதான் வரும்.

பகலில் நான் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். குடியிருந்தது பாலக்கரையில். என் மனைவி பெயர் ஆரோக்கியம். அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். கன்னியர் மடத்துப் போர்டிங்கில் வளர்ந்தாள். அங்கே மணி அடித்தால் ஒரு பந்தி எழும், அடுத்த பந்தி உட்காரும். கல்யாணத்துக்கு முன்பு அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டை மட்டும் வீட்டில் எல்லாரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நகை கேட்டிருந்தால் எப்படியாவது வாங்கிக் கொடுத்திருப்பேன்.

ஆறு நூல் தண்ணீர்

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கே அவளுக்குக் காலை டியூட்டி. அவள் திரும்பும்போது சாப்பாடு தயாராக இருந்தால் உடனே உட்கார்ந்துவிடலாமே என்று நான் அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். அதுவரை வெந்நீர் போட்டதுண்டு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு லூர்து அக்காவிடம் கேட்டேன். அரிசிக்கு மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும் என்றார்.

யாருடைய விரல் என்பதுதான் என் சந்தேகம். பட்டறையில் விரலுக்கு மதிப்பில்லை. அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துத்தான் எங்களுக்குப் பேச்சு. ஒரு விரற்கடை என்றால் ஆறு நூல் இருக்கும் என்று முடிவு செய்து, இரும்பு ஸ்கேலைக் கழுவிப் பானைக்குள் விட்டு அளந்தேன். அரை நூல் கூடுதலாகத் தெரிந்தது. கரண்டியால் எடுத்து வெளியே ஊற்றினேன். அளவு சரியாக இருந்தது, சோறுதான் சரியாக வரவில்லை. கீழே கரி, நடுவில் கூழ், மேலே அரிசி. ஆரோக்கியம் நடுப்பகுதியை மட்டும் எடுத்துச் சாப்பிட்டாள். ஸ்கேலைப் பார்த்துவிட்ட லூர்து அக்காதான் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, நாளைக்குப் பட்டறையில போயி விரலை வச்சு அளந்து பாருங்க. அங்கேயும் இப்படித்தான் வரும்."

எந்தச் சபை?

ஆஸ்பத்திரியில் நர்ஸை சிஸ்டர் என்பார்கள். அது தெருவுக்கும் வந்து, எனக்குச் 'சிஸ்டர் வீட்டுக்காரர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அவளுக்கு மத்தியான டியூட்டி. அவள் கிளம்புவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். பூசை முடிந்த கையோடு கறிக்கடைக்கு ஓடினேன். பாலக்கரையே எனக்கு முன்னால் அங்கே நின்றது.

கடைக்காரர் பாய்க்கு ஆரோக்கியத்தின் மேல் மரியாதை. வலிக்காமல் ஊசி போடுவாள் என்பார். என்னைக் கண்டதும் கத்தியை உயர்த்திக் கூவினார். "கொஞ்சம் வழி விடுங்க! சிஸ்டர் வீட்டுக்காரர் வந்திருக்காரு. சிஸ்டர் கிளம்புறதுக்குள்ள குழம்பு கொதிக்கணும்!" கூட்டம் விலகியது. ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. மகன் வீட்டுக்குப் பண்டிகைக்காக வெளியூரிலிருந்து வந்தவர், கழுத்தில் ஜெபமாலை. அவர் ஊரில் சிஸ்டர் என்றால் மடத்துக் கன்னியர் மட்டும்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"சேசுவே! சிஸ்டருக்கு வீட்டுக்காரரா? இது எந்தச் சபைங்க?"

ஆப்

அவளுக்கு இரவு டியூட்டி, எனக்குப் பகல் வேலை என்றால் வாரக் கணக்கில் நாங்கள் வாசற்படியில்தான் சந்திப்போம். அப்படி ஒரு டிசம்பரில், வார்டு ஆயா போகிற போக்கில் ஜன்னல் வழியாகச் சொன்னாள். "அண்ணே, கிறிஸ்துமஸுக்கு சிஸ்டருக்கு ஆப் போட்டாச்சு!" நான் நேராகப் போய் மண்ணச்சநல்லூரில் இருந்த அண்ணனைக் குடும்பத்தோடு சாப்பிட அழைத்துவிட்டேன். அண்ணன் ரைஸ் மில்லில் கணக்குப் பிள்ளை. பசி தாங்காதவர். சீரகச் சம்பா மூட்டையோடு வந்து இறங்கினார்.

கிறிஸ்துமஸ் காலையில் பார்த்தால் ஆரோக்கியம் வெள்ளைச் சேலையில் நிற்கிறாள். "இன்னைக்கு ஆப்தானே?" என்றேன். "ஆமா, ஆப்தான். ரெண்டு மணிக்கு வந்துடுவேன்" என்று செருப்பை மாட்டினாள். இங்கிலீஷில் முழு லீவு 'ஆஃப்', அரை நாள் 'ஹாஃப்'. எங்கள் வாயில் இரண்டும் ஆப்தான்.

இரண்டு மணிக்கும் வரவில்லை. ஏதோ பிரசவம். ஒரே பந்தி என்று நான் சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே, யாருக்கும் இலை போடவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே முறுக்கைச் சத்தம் வரக் கடித்தார். வெயில் சாய்ந்த பிறகு அவள் வந்தாள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம், இலை போட்டோம், ஜெபம் சொன்னோம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பப் போன என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார். அவள் தானாக விழிக்கும் வரை அவரும் சோற்றில் கை வைக்கவில்லை. என் காதோரம் மட்டும் மெல்லச் சொன்னார்.

"அடுத்த வருஷமாச்சும் முழு ஆப்பா, அரை ஆப்பான்னு கேட்டு வையி."

ஏகாதசி

ஒரு வருஷம் வைகுண்ட ஏகாதசியும் கிறிஸ்துமஸும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. ஸ்ரீரங்கத்தில் கூட்டத்துக்காக முதலுதவிக் கொட்டகை போட்டார்கள். ஆரோக்கியத்தை அங்கே அனுப்பிவிட்டார்கள். அவள் வர முடியாவிட்டால் பந்தி அவளிடம் போகட்டும் என்று, டிபன் கேரியரையும் மகள் செசிலியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் எல்லா நெற்றியிலும் நாமம். காவிரிப் பாலத்தின் நடுவில் செசிலி கணீரென்று சொன்னாள். "அப்பா, கறிக்குழம்பு சிந்துது!" எங்களைச் சுற்றி நிற்க இடம் தாராளமாகக் கிடைத்தது.

உபவாசக் கூட்டத்துக்குள் கறியோடு போகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகையில் கேரியரைக் கண்டதும் ஆரோக்கியத்தின் முகம் வெளுத்தது. அதைத் திறக்கவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. பக்கத்தில் இருந்த கம்பவுண்டர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஐயங்கார். ஒரு தரம் மூச்சை இழுத்தார், கேரியரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு அவர்தான் எங்களை அனுப்பி வைத்தார். பாலத்துக்குத் தென்புறம், ஆற்று மணலில் மூன்று பேரும் ஒரே வரிசையாக உட்கார்ந்தோம். அவள் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். கம்பவுண்டர் சொன்னதை நினைத்து நினைத்துப் போகும்போதே சிரித்தாள்.

"அடியேன் இன்னிக்கு உபவாசம். அது என்ன வாசனைன்னு நேக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாப்ட்டுட்டு வாங்கோ, சிஸ்டர் வேலையை நான் பார்த்துக்கறேன்."

முழு ஆப்

அறுபதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸுக்கு அது நடந்தது. ஆரோக்கியம் அப்போது சீனியர் சிஸ்டர். அவளே வந்து, "முழு ஆப், அரை இல்லை" என்று சொன்னாள். நான் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதற்குள் எனக்குக் கை பழகிவிட்டிருந்தது. ஸ்கேல் இல்லாமலே தண்ணீர் வைப்பேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் செசிலி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அதே ஆஸ்பத்திரியில் அந்த வருஷம்தான் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். புதுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் அன்று பகல் முழுவதும் டியூட்டி. "அம்மா, நீ மேட்ரன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா மாத்திக் கொடுத்துடுவாங்க" என்றாள்.  ஆரோக்கியம் ஆசைப்பட்டது அந்த ஒரு சாப்பாடு. சொன்னால் கிடைத்தும் இருக்கும். "உனக்கு மாத்தினா இன்னொரு பிள்ளைக்குப் போடுவாங்க. அதுக்கும் வீடு இருக்கு" என்றாள். என் பக்கம் திரும்பி, "பெரிய அண்டாவை இறக்குங்க" என்றாள்.

மறுநாள் குதிரை வண்டியில் அண்டா ஆஸ்பத்திரிக்குப் போனது. நர்ஸுகள் சாப்பிடும் அறையில் மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் இலை போட்டோம். டியூட்டிப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் அரை மணி கொடுக்க, மற்ற சிஸ்டர்கள் வார்டில் நின்றார்கள். செசிலி, அவள் தோழிகள், நான், நடுவில் ஆரோக்கியம். யாரும் எழவில்லை, யாருக்கும் மணி அடிக்கவில்லை. அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, மகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இவளுக்கு வரப்போற மாப்பிள்ளை எங்கே இருக்கானோ, இப்பவே சமைக்கக் கத்துக்கச் சொல்லுங்க."

ஆரோக்கியம் கண்ணை மூடிய பிறகு எனக்கு எல்லா நாளும் முழு ஆப்தான். ஆனாலும் கிறிஸ்துமஸ் சோற்றை மட்டும், டியூட்டி முடிந்து இன்னும் ஒருத்தி வர வேண்டியிருக்கிற மாதிரி, நேரம் கழித்துத்தான் இறக்குகிறேன்.