நில்டோ வீட்டு கிராபிக்ஸ் கார்டு

பிரேசிலின் ரெசிஃபி நகரில் எங்கள் மேட்டுத் தெருவில் யாரைக் கேட்டாலும் நில்டோவுக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாவோ பாவ்லோவில் பத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் போட மெஷின் போதும் என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். அவன் முடங்கிவிடவில்லை. கம்ப்யூட்டரில் சமையலறை வரையக் கற்றுக்கொண்டான். அலமாரி, மேடை, தொட்டி எல்லாம் அளவு பிசகாமல் வரைந்து, கட்டி முடித்த சமையலறையைப் போட்டோ பிடித்ததுபோலப் படமாக்கித் தருவான். நாற்பத்தாறு வயதில் யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்ட வேலை அது. எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, மறைப்பானேன்?

அவன் மனைவி மரிநால்வாவின் பார்வையைச் சர்க்கரை நோய் பறித்துவிட்டது. பிறந்த ஊரில் இருக்கட்டும் என்று அவளுக்காகத்தான் இங்கே திரும்பி வந்தான். ஒருமுறை அவன் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது அடுப்பு பற்றவைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள். இன்னொரு முறை தெருப் படிக்கட்டில் உருண்டாள். பிள்ளைகள் இல்லை. ஆகவே அவனுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலைதான் வேண்டும்.

அப்படி ஒன்று வாசல்வரை வந்தது. மரச்சாமான் கடை ஒன்று ஐந்து சமையலறைகளுக்குப் படம் கேட்டது. திங்கட்கிழமை மதியத்துக்குள் கொடுத்தால் நிரந்தர வேலை. மூன்று வாரம் உட்கார்ந்து ஐந்தையும் வரைந்துவிட்டான். அவற்றைப் படமாக்குவதுதான் பாக்கி. பழைய கிராபிக்ஸ் கார்டில் ஒரு படத்துக்குப் பதினோரு மணி நேரம் ஆகும், எங்கள் மேட்டிலோ கரன்ட் அவ்வளவு நேரம் நிலைத்து நிற்காது. சாவோ பாவ்லோவிலிருக்கும் அவன் தம்பி எட்சன் தன்னிடமிருந்த பெரிய கார்டைக் கழற்றி அனுப்பினான். அது கரன்டை அதிகம் இழுக்கும் என்பதால் கூடவே ஒரு பெரிய பவர் சப்ளை பெட்டியும் வந்தது.

ரேடியோ முதல் கம்ப்யூட்டர் வரை பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெள்ளிக்கிழமை பேக்கரி வரிசையில் அவனிடம் கேட்டேன்.

"பார்சல் வந்துடுச்சாமே நில்டோ. நான் வந்து மாட்டித் தரட்டா?"

"நீயா? ஐயோ, வேணாம்பா பியூ! போன மாசம் உன் கை பட்டதுலேர்ந்து எங்க வீட்டு மிக்ஸி ஒப்பாரி வெச்சுக்கிட்டே இருக்கு. இதையாவது உயிரோட விடு."

வரிசையே சிரித்தது. ரொட்டி கொடுக்கும் பெண்கூடச் சிரித்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை அவன் வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது மரிநால்வா என் செருப்புச் சத்தத்தைக் கண்டுகொண்டாள். "பியூதானே? வா, காபி போட்டிருக்கு" என்றாள். போய்க் காபியை வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றேன். நில்டோ கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தான். தூசி துடைத்தான், பழைய கார்டை எடுத்தான், புதியதை அழுத்தி உட்காரவைத்துத் திருகு முடுக்கினான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

எட்சன் அனுப்பிய பவர் சப்ளை பெட்டியையும் மாட்டினான். அதன் முதுகில் சின்னச் சிவப்பு சுவிட்ச். அதன்மேல் டேப் ஒட்டியிருந்தது. எங்கள் ஊர் கரன்ட் 220 வோல்ட், சாவோ பாவ்லோவில் 110. ஊருக்கேற்ற பக்கம் சுவிட்சைத் தள்ளி, யாரும் விளையாட்டாக மாற்றிவிடக் கூடாதென்று மெக்கானிக்குகள் டேப் ஒட்டிவிடுவோம். டேப் இருந்தால் விவரம் தெரிந்தவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நில்டோ அந்த டேப்பைக் கட்டைவிரலால் தடவினான். "பாத்தியா பியூ, எட்சன் டேப்புகூட ஒட்டி அனுப்பியிருக்கான். வேலைன்னா இது வேலை."

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எட்சன் எந்த ஊர் கரன்டுக்கு ஒட்டினான்? ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. வெடிக்கட்டுமே என்று நினைத்தேன். பெட்டிதானே போகும், என்னிடம் வேறொன்று இருக்கிறது, அப்புறம் என்னைத்தானே கூப்பிட்டாக வேண்டும். காபியை ஒரு மடக்கு குடித்தேன். அவன் பிளக்கைச் செருகினான்.

வெடிச் சத்தம், நெருப்புப் பொறி, கருகல் நாற்றம்.

"நில்டோ! எங்க இருக்க? பேசேன்! நில்டோ!" மரிநால்வா மேசையைத் தட்டித் தடவிக்கொண்டு வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன். கிட்ட வராத."

ஓடிப்போய் என் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினேன். ஒன்றும் அசையவில்லை. மதர்போர்டு போயிருந்தது, புதுக் கார்டு போயிருந்தது, ஐந்து சமையலறைகளும் இருந்த டிஸ்க்கும் போயிருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. அன்று பகல் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்சன் போனில் அழுதான்: "அண்ணே, அங்க 220ங்கிறது எனக்குத் தோணவே இல்லண்ணே!"

திங்கட்கிழமை மதியம் வந்தது, போனது. கடைக்காரர்கள் வேறொருவனை எடுத்துக்கொண்டார்கள்.

துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலைதான் நில்டோவுக்குக் கிடைத்தது. விடிவதற்கு முன் போனால் இருட்டிய பிறகுதான் வர முடியும். வேலைக்குச் சேரும் முன்தினம் என் கடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பேக்கரில உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது பியூ. மனசுல வெச்சுக்காத. உன்கிட்ட குடுத்திருந்தா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருப்ப."

"விடுப்பா" என்றேன்.

மேசைமேல் ஒரு சாவியை வைத்தான். "அவளை உள்ள விட்டு வெளியில பூட்டிட்டுத்தான் போகணும். படிக்கட்டுல விழுந்துடுவா. மத்தியானம் ஒருதரம் போய்ப் பாரு. வேற யாரையும் நம்ப முடியல."

பதினான்கு மாதமாகப் போய்வருகிறேன். பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் மரிநால்வா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருகிறாள். "நீ மட்டும் இல்லேன்னா எங்க கதி என்ன பியூ?" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் சோள மாவில் அவித்த குஸ்குஸ் தட்டை அவள் மடியில் வைக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி வெளியிலிருந்து பூட்டிவிட்டு வருகிறேன்.