தண்ணீர் அறையின் சாவி

யுத்தம் இன்னும் முடியாத நாற்பத்து நாலோ, நாற்பத்தைந்தோ, வருஷம் சரியாக நினைவில்லை. மாதம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வைகாசி. மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்த எங்கள் அப்பா வீட்டில், என் தங்கைக்குத் தலைப்பிரசவம் ஆகிப் பத்து நாள் ஆகியிருந்தது.

எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் தங்கையின் பிரசவத்தைப் பார்க்க நான் தியாகராய நகரிலிருந்து என் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டு பெற்றவள் என்ற தெம்பில், பிரசவ விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அந்த நாளில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்றால் பத்தியம்தான். பூண்டு, மிளகு, லேகியம் எல்லாம் வேளைக்கு வேளை வந்துவிடும். தண்ணீர் மட்டும் வராது. காலையில் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர், இரவில் ஒரு டம்ளர். அதற்கு மேல் குடித்தால் தாய்க்கு வயிறு ஊதும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். என் இரண்டு பிரசவத்திலும் நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் என் தங்கைக்கு மூன்றாம் நாளிலிருந்தே ஒரு தாகம் பிடித்துக்கொண்டது. சாதாரணத் தாகம் இல்லை. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் “அக்கா, இன்னும் கொஞ்சம்” என்பாள். கொல்லைப் பக்கம் போய்விட்டு வருவாள், உடனே மறுபடியும் போக வேண்டும் என்பாள். நான் திட்டுவேன். குடிப்பதால்தானே போகிறது, வாயைக் கட்டினால் அதுவும் தானாக நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. உடம்பு பலவீனம், மனசும் பலவீனம், அதனால்தான் கட்டுப்பாடு இல்லை என்று வேறு முடிவு கட்டினேன்.

அவளோ திருடிக் குடிக்க ஆரம்பித்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட வைத்த வெந்நீரைக் குடித்தாள். ஒன்பதாம் நாள் காலை, கொல்லையில் பாத்திரம் கழுவ எடுத்து வைத்த வாளியில் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தண்ணீர்ப் பானை, குடம், கிணற்றுக் கயிறு எல்லாவற்றையும் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அன்று பகலெல்லாம் கெஞ்சினாள். இரவிலும் கெஞ்சினாள். நான் மசியவில்லை. மறுநாள் காலையில் அவள் தண்ணீரே கேட்கவில்லை. உடம்பு லேசாகச் சுட்டது. கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பார்த்தாயா, ஒரே நாளில் வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்குப் பெருமை. இப்போது இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

இந்தத் தாகத்துக்கு ஏதாவது மருந்தும் கொடுத்துவிட்டால் அடியோடு போய்விடும் என்று தோன்றியது. அதற்குள் எங்கள் சந்தே ஆளுக்கொரு மருந்து சொல்லியிருந்தது. நன்னாரி என்றார் ஒருவர். சர்க்கரை வியாதியாக இருக்கும், நெல்லிக்காயும் ஆவாரம்பூவும் கொடு என்றார் இன்னொருவர். பால் ஊற்ற வரும் அம்மாள், ராயப்பேட்டையில் ஒரு ஹக்கீம் இருக்கிறார், அவர் கொடுக்கும் ஷர்பத்தில் எப்பேர்ப்பட்ட தாகமும் அடங்கும் என்றாள். அந்த யூனானி வைத்தியர் சிறுநீரைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார் என்றும் சொன்னாள். தங்கையின் நீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் துணியில் சுற்றிக்கொண்டு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சொல்லிவிட்டு டிராம் ஏறினேன். அப்பாவுக்குக் காது மந்தம். போதாததற்கு, பிரசவ அறைப் பக்கம் ஆண்கள் வருகிற வழக்கமும் கிடையாது.

ஹக்கீமுக்கு ஐம்பது வயது இருக்கும். அலமாரி நிறையப் பீங்கான் ஜாடிகள். உள்ளே போகிற வாசலில் ஒரு பச்சைத் திரை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கிணற்றுத் தண்ணீர் போல நிறமே இல்லாமல் இருந்தது. இதில் எறும்பு மொய்த்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சர்க்கரை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி கொடுக்கறீங்கம்மா?” என்றார்.

ரொம்பக் கெட்டிக்காரி மாதிரி, ரெண்டே டம்ளர் என்றேன்.

“இப்பவும் கேக்கறாங்களா?”

“நேத்து வரைக்கும் உசிரை வாங்கினா. இன்னிக்குக் கேக்கவே இல்லை.”

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகம் மாறிவிட்டது. “இந்த அலமாரியில எத்தனையோ ஷர்பத் இருக்கும்மா. உங்களுக்கு ஒண்ணும் கொடுக்க மாட்டேன்” என்றார். பிறகு, அறிமுகமே இல்லாத என்னிடம் அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பல வருஷத்துக்கு முன்னால், குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர் இதே மாதிரி தாகத்தோடு அவரிடம் வந்தாராம். நீரும் இதே மாதிரி நிறமில்லாமல் இருந்ததாம். “நான்தான் தண்ணியை நிறுத்தச் சொன்னேன். மூணாம் நாள் அவர் தண்ணி கேக்கறதை நிறுத்தினாரு. நோய் குறையுதுன்னு நெனச்சேன். அன்னிக்கு சாயந்திரம் போயிட்டாரு. இது தலைக்குள்ள இருக்கிற கோளாறும்மா. என் ஜாடியில இதுக்கு மருந்து இல்லை. முதல்ல தண்ணி கொடுங்க, அப்புறம் நேரா பெரிய ஆஸ்பத்திரி.”

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அவருடைய மனைவி. என்னை மகளே என்று உருதுவில் அழைத்தார். “நீ இங்கே வந்திருக்கியே பேட்டி, அங்கே இப்ப தண்ணி யார் கொடுப்பாங்க?”

என் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

திரை விலகியது. புர்கா போட்டுக்கொண்டு, கையில் ஒரு மண் கூஜா நிறையத் தண்ணீரோடு அந்த அம்மாள் வெளியே வந்தார். கணவரிடம் உருதுவில் ஏதோ சொன்னார். அவர் தெருவில் இறங்கி ஒரு ஜட்காவை நிறுத்தினார். வண்டிக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு? குந்து குந்து, தோ போயிடலாம்” என்று குதிரையை விரட்டினார். கூஜாத் தண்ணீர் சிந்தாமல் அந்த அம்மாள் வழி முழுக்க அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் ஓடினேன். குழந்தை தூளியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பாயில் தங்கை இல்லை. சாமான் அறைக் கதவுக்கு முன்னால் தரையில் கிடந்தாள். உள்ளே இருந்த பானையின் கசிவு கதவுக்கு அடியில் வந்து தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் உதட்டை வைத்தபடி கிடந்தாள்.

கூப்பிட்டேன், பதில் இல்லை. உடம்பு கொதித்தது. சாவியைப் பூட்டில் நுழைக்கப் பார்க்கிறேன், அவசரத்தில் நுழையவே இல்லை. அதற்குள் அந்த அம்மாள் முக்காட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தங்கையின் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் செம்பை எடுக்கப் போனபோது தடுத்துவிட்டார். ஒரேயடியாக ஊற்றினால் புரையேறிவிடும் என்றார். சுற்றும் முற்றும் பார்த்தவர் கண்ணில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை பட்டது. அதில் கூஜாத் தண்ணீரை ஊற்றி, ஏதோ முணுமுணுத்தபடி, பெற்றவளின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். முதல் இரண்டு தடவையும் கடைவாயில் வழிந்துவிட்டது. மூன்றாவது தடவை தொண்டை அசைந்தது. விழுங்கினாள்.

நான் அப்படியே அந்த அம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, “அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். கூஜா காலியாகுது. பூட்டைத் திற” என்றார்.

அரை மணி நேரத்துக்கெல்லாம் தங்கைக்கு லேசாக நினைவு வந்தது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு, அப்பாவோடு அதே ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பாலாடை ஓயவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை முதலில் நன்றாகத் திட்டினார். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டுவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். மூளைக்கு அடியில், மூக்குத் தொடங்குகிற இடத்துக்கு நேர் பின்னால், பாதாம் பருப்பளவு ஒரு இடம் இருக்கிறதாம். தாகம், பசி, உடம்புச் சூடு எல்லாம் அதன் பொறுப்பு. அதோடு சேர்ந்து தொங்குகிற சுரப்பி வழியாகத்தான் உடம்பு தண்ணீரை வீணாக்காமல் பிடித்து வைக்கிறது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதில் அங்கே ஏதோ அடி விழுந்திருக்கலாம் என்றார். ஹைப்போதலாமஸ் என்று பெயர் சொன்னார். அன்றைக்கு அது என் வாயில் நுழையவில்லை.

அதற்கு அப்போது இருந்த மருந்து ஒரு பொடி. மூக்குப்பொடி மாதிரி உறிஞ்ச வேண்டும். யுத்த காலமாதலால் கப்பலில் வருவதே அரிது, டாக்டர் எங்கெங்கோ சொல்லி ஒரு சின்னப் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். எதில் செய்தது என்று அப்பா கேட்டார். மாட்டின் தலையில் இருக்கிற அதே சுரப்பியைக் காயவைத்துச் செய்தது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முட்டை வாசனையே வீட்டுக்குள் வரக்கூடாது என்கிற மனிதர் எங்கள் அப்பா. எழுந்து போனார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். மடியில் எப்போதும் வைத்திருக்கும் வெள்ளி மூக்குப்பொடி டப்பியைக் கவிழ்த்துக் கொட்டி, குழாயில் கழுவி, வேட்டி நுனியில் ஈரம் போகத் துடைத்து எடுத்து வந்திருந்தார். “பாட்டிலோட வச்சா சிந்திப் போகும். இதுல போட்டு வச்சுக்கோம்மா” என்று தங்கையின் கையில் கொடுத்தார். அவள் அன்றுதான் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சந்து மறுபடியும் மருந்து சொல்ல வந்துவிட்டது. மூளைச் சங்கதி என்று தெரிந்ததும் வல்லாரை, பாதாம், வெண்டைக்காய், தலைக்குக் குளிர்ச்சியாக எண்ணெய் என்று வரிசையாக வந்தன. டாக்டரிடம் கேட்டேன். வாய்க்கு ருசியாக இருந்தால் சாப்பிடட்டும், ஆனால் அந்தச் சுரப்பி செய்கிற வேலையை இதெல்லாம் செய்யாது, தண்ணீரை மட்டும் நிறுத்தாதே என்றார். மூன்று மாதத்தில் தாகம் தானாகவே குறைந்து, பொடியும் தேவையில்லாமல் போனது. எந்த மருந்தில் குணமாயிற்று என்று கேட்டதற்கு, “நானும் குணப்படுத்தலை, நீங்களும் குணப்படுத்தலை. அது தானா சரியாகிற வரைக்கும் உயிர் இருந்தது, அவ்வளவுதான்” என்று அந்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கூஜாவைத் திருப்பிக் கொடுக்க ராயப்பேட்டைக்குப் பழத்தட்டோடு போனேன். பழத்தை வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் கூஜாவை வாங்கவில்லை. அது உன் தங்கச்சியோடது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். எங்கே போனார்கள் என்று எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாத முட்டாள் நான்.

என் தங்கை அந்தச் சாவியைப் பற்றி ஒரு நாளும், கோபத்தில்கூட, ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகப் பேச்செடுத்தாலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். சொல்லிக் காட்டியிருந்தாலாவது எனக்குப் பாரம் குறைந்திருக்கும் என்று சில சமயம் தோன்றும்.

இருபது வருஷம் கழித்து, அன்று தூளியில் அழுத அந்தக் குழந்தைக்கே பிரசவம் வந்தது. அடையாற்றில் இருந்த தங்கை வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வேறு யாரும் வேண்டாம், அக்கா, நீதான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாள். போய் இறங்கியதும் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து என் இடுப்பில் அவளே செருகினாள். எனக்குக் கண் மறைத்தது. அவள் எதையும் பார்க்காதவள் மாதிரி உள்ளே போய், அந்தப் பழைய மண் கூஜாவைக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தாள். நிறையத் தண்ணீர் ஊற்றி, பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அவள் பெண்ணின் தலைமாட்டில் வைத்தேன்.

தண்ணீரைப் பூட்டிய கையிலேயே தன் பெண்ணை ஒப்படைத்த என் தங்கைக்கும், தன் தவற்றை மறைக்காமல் சொல்லி எங்களைக் காப்பாற்றிய அந்த ஹக்கீமுக்கும், கூஜாவை நெஞ்சோடு அணைத்து வந்த அந்த அம்மாளுக்கும், யாராவது தண்ணீர் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து போய் என் கையாலேயே கொண்டுவந்து கொடுப்பதைத் தவிர வேறு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.