இறால் தண்ணீரில் ஊறிய கரும்பு வரிசை

பங்கு மக்களே, இதை எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது என் அண்ணி முகத்தைச் சுளித்தாள். "எலி மூத்திரம், இறால் தண்ணின்னெல்லாம் சாட்சியில எழுதுவாங்களா? சாமியார் அதையெல்லாம் கோடு போட்டு அடிச்சுடப் போறாரு" என்றாள். அடிக்கட்டும். மாதா எனக்கு உதவி செய்தது அந்த நாற்றத்துக்குள்தான். அதை எடுத்துவிட்டால் நான் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

என் பெயர் பிலோமினா. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி ஒரு சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போகிறேன். ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதில் விவரம் ஏற்றுகிறவள் நான்தான். எந்த ஊரில் யார் என்றைக்குக் கரும்பு நட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதலில் நட்டவருக்கு முதலில் வெட்டு உத்தரவு. அதற்கு முன்னால் வரிசை கரும்பு அதிகாரியின் மனசில் இருந்தது. யார் வீட்டில் அவர் கை நனைத்தாரோ அவர் கரும்புக்கு முதலில் அரிவாள் போகும். மற்றவர்கள் கரும்பு பூ வைத்து நிற்கும். பூ வைத்த கரும்பு உள்ளே தக்கையாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைப்பேறு லீவு முடிந்து 1987 ஐப்பசி மழையில் வேலைக்குத் திரும்பினேன். அரவை தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் வெளியே ஓடிவந்து முருங்கை மரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆலையில் ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லாரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். கோயிலுக்குள் போவதுபோல் அவ்வளவு பக்தியாக உள்ளே போவார்கள். போய் என்ன செய்வார்கள்? பாலை வைப்பார்கள். தயிரை வைப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகப் பூப்பொட்டலத்தை வைப்பார்கள். நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் வெண்ணெய் வைத்திருந்தார். பெயரை எழுத மாட்டேன், அவருக்கே தெரியும். நான் இருந்தவரை விரட்டிக்கொண்டிருந்தேன். நான் போனதும் கேட்க ஆளில்லை. கரும்பு அதிகாரி பாகூர்ப் பக்கம் போய்வரும்போதெல்லாம் இறால் வாங்கி, கூடையோடு அந்த அறை அலமாரியில் வைத்திருக்கிறார். ஒரு கூடையை மறந்தும் போயிருக்கிறார்.

இறால் இருந்தால் எலி வராதா? கம்ப்யூட்டருக்குப் பின்னால் வயரைக் கடித்து, பெட்டிக்குள்ளேயே குடித்தனம் வைத்து, பேண்டு, மூத்திரம் பெய்து வைத்திருந்தது. பட்டனைப் போட்டேன். ஒரு கருகல் வாடை வந்தது. அவ்வளவுதான். உள்ளே இருந்த விவரமெல்லாம் போயிற்று.

லீவில் போகும்முன் அந்த விவரம் எல்லாவற்றையும் பிளாப்பித் தட்டுகளில் நகலாக இரண்டு படி எடுத்து வைத்திருந்தேன். ஒரு படியை வேறு கட்டடத்தில் வைக்கிறேன் என்று கேட்டதற்கு, ஆபீஸ் சாமான் அறையை விட்டுப் போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஆகவே இரண்டும் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. மேல்தட்டில் இறால் கூடை. அழுகின தண்ணீர் சொட்டிச் சொட்டி டப்பாவுக்குள் இறங்கி, பிளாப்பிகள் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புழுவும் இருந்தது. அந்த நாற்றத்தைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது.

கரும்பு அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் முகத்தில் கவலையே இல்லை. "மிஷின் செத்துப்போச்சும்மா, வுடு. வரிசை எல்லாம் எம் மனசுல இருக்குது" என்று சிரித்தார். எலி மூத்திரத்தைவிட அந்தச் சிரிப்பு எனக்குக் குமட்டியது.

அன்று மத்தியானம் என் அண்ணன் அந்தோணி ஆலை வாசலுக்கு வந்தான். காட்டேரிக்குப்பத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து, அந்தப் பக்கத்திலேயே முதல் ஆளாகக் கரும்பு நட்டவன் அவன். எங்கள் குடும்பத்துக்கு வேறு வெள்ளாமை கிடையாது.

"இன்னா புள்ள, எம் பேரு அழிஞ்சிடுச்சாமே? இப்பவே ஒண்ணு ரெண்டு பூ தலை காட்டுது. கடைசியில தள்ளிட்டாங்கன்னா அடுப்புக்குத்தான் ஆவும்."

அவனை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். திரும்பி அந்த அறைக்குள் போய், மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். டப்பாவைத் தொடக் கை போகவில்லை. அழுகை வந்தது. ஜெபமாலை பையில் இருந்தது, அதையும் அந்த இடத்தில் எடுக்க மனம் ஒப்பவில்லை. மாதாவிடம் சும்மா வாயால் சொன்னேன். "அம்மா, எனக்கு அருவருப்பா இருக்குது. இந்த ரூமு, அந்த ஆளு, எல்லாமே. என்னால தொட முடியல. எங்கண்ணன் வயலைக் காப்பாத்திக் குடு. உம் பிள்ளைகிட்ட சொல்லு." அழகான ஜெபம் இல்லைதான். அதற்குமேல் எனக்கு வரவில்லை.

எழுந்துபோய், கம்ப்யூட்டரைப் பொருத்தித் தந்த மெட்ராஸ் இன்ஜினியருக்கு டிரங்க்கால் பதிந்தேன். காலையிலிருந்து மானேஜரே முயன்று கிடைக்காத லைன். மழையில் கம்பி அறுந்திருக்கும் என்றார்கள். எனக்கு உடனே கிடைத்தது. ஊருக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டப்போன மனிதர் மணிச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து எடுத்திருக்கிறார்.

"உள்ளே இருக்கிற தட்டு வெறும் பிளாஸ்டிக்தாம்மா" என்றார். "மேல் உறையைக் கத்தரிச்சு, தட்டை மட்டும் எடுங்க. சோப்புத் தண்ணியில அலசி, அப்புறம் நல்ல தண்ணியில அலசுங்க. தேய்க்காதீங்க. நிழல்ல காயவச்சு, புது பிளாப்பி உறைக்குள்ள சொருகிப் பாருங்க. நிச்சயமா வரும்னு சொல்லமாட்டேன்."

வந்து டப்பாவுக்குள் கையை விட்டேன். எப்படி விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. புழு விரலில் ஏறியது, உதறிவிட்டு எடுத்தேன். உறையை வெட்டி, தட்டை உருவி, என் பிள்ளையின் துணியை அலசுவதுபோல் ஒவ்வொன்றாக அலசினேன். காய்ந்தபின் கணக்குப் பிரிவில் ஏ.சி. இல்லாமலே ஓடிய இன்னொரு சின்னக் கம்ப்யூட்டரில் போட்டேன். முதல் படியில் பாகூர்ப் பக்கத்து ஊர்களின் தட்டு வந்தது. நெட்டப்பாக்கம் பக்கத்துத் தட்டு வந்தது. மண்ணாடிப்பட்டுப் பக்கத்துத் தட்டு மட்டும் கறகறவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. காட்டேரிக்குப்பம் அதில்தான் இருந்தது.

இரண்டாம் படியில் அதே தட்டை எடுத்துப் போட்டேன். அதுவும் முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினேன். பின்னால் நின்ற மானேஜர், "வருதும்மா, வருது" என்றார். கண்ணைத் திறந்தால் பெயர்கள் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் திரையில் என் அண்ணன் பெயரைப் பார்த்து அழுதவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வரிசையை அச்சடித்து ஆலை வாசலில் ஒட்டினோம். கரும்பு அதிகாரி அதை ஒருமுறை பார்த்தார், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் கரும்பு பூ முற்றுமுன் வெட்டுப்பட்டது. அவனைப்போல் ஆள் பலம் இல்லாத எத்தனையோ பேருடையதும் முறைப்படி வெட்டுப்பட்டது.

"சோப்புதான சுத்தம் பண்ணுச்சு, மாதா இன்னா பண்ணாங்க?" என்று அண்ணி கேட்டாள். நியாயமான கேள்வி. சோப்பு தட்டைச் சுத்தம் செய்தது. டப்பாவைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தவளை எழுப்பியது சோப்பா?

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று படி எடுக்கிறேன். ஒன்று அறையில், ஒன்று கேட் ஆபீஸ் பெட்டியில், ஒன்று என் வீட்டில். வெளியே கொண்டுபோகலாம் என்று மானேஜரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். படியை எடுத்துவைத்தால் போதாது, திரும்ப வாசிக்க வருகிறதா என்றும் போட்டுப் பார்க்கிறேன். அறையில் சாப்பாட்டுச் சாமான் கண்டால் யாருடையது என்று கேட்காமல் சாக்கடையில் கொட்டுகிறேன். ஆலையில் எனக்கு நல்ல பெயர் இல்லை. பரவாயில்லை.

இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு அலமாரி இருக்கும். நாற்றம் தாங்காமல் மூடி வைத்திருப்பீர்கள். குளித்து முழுகி, நல்ல புடவை கட்டி, கோயிலுக்குப் போய்த்தான் அதை மாதாவிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இடத்திலேயே, மூக்கைப் பொத்திக்கொண்டே கேளுங்கள். கேட்டுவிட்டு அலமாரியைத் திறங்கள். அருவருப்பு போகாது, எனக்கும் போகவில்லை. கை மட்டும் உள்ளே போகும்.