வெறும் வயிற்றோடு வரவும்

அலுவலகத்தில் அவளுக்கு ‘மூணு தடவை’ என்று பட்டப்பெயர். எழுதிய புரோகிராம் எதையும் மூன்று தடவை சோதிக்காமல் வெளியே விட மாட்டாள். இருபத்திரண்டு வருடப் பிடிவாதம்.

கணவர் இறந்து ஐந்தாம் வாரம் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது அவள் அலுவலகத்தின் குடும்ப மருத்துவத் திட்டம். ஆண்டுப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவும். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பணியாளர் பிரிவுப் பெண் பதறிப்போனாள். “அக்கா, சத்தியமா நீங்க லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே ‘காலமானார்’னு மாத்திட்டேன். திரும்ப எப்படி மாறுச்சுன்னே தெரியலக்கா!”

இவள் கணினியில் தேடினாள். அந்தப் பெண் அவர் பதிவை மாற்றியது அன்று காலை பதினொன்று இருபதுக்கு. அரைமணி கழித்து அதே பதிவில் தொலைபேசி எண்ணை நீக்கிச் சேமித்திருந்தது வேறு யாருமில்லை, இவளேதான். ஒன்பது மணிக்கே திறந்துவிட்டு, அவர் எண்ணை அழிக்க மனம் வராமல் அதுவரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பதிவுகளைக் கையாளும் புரோகிராமும் இவள் எழுதியதுதான். பதிவைத் திறந்ததும் அத்தனை விவரத்தையும் டேட்டா ஸ்ட்ரக்சர் என்கிற ஒரே பெட்டிக்குள் நகலெடுக்கும். சேமிக்கும்போது பெட்டியை அப்படியே திருப்பிக் கொட்டும். நடுவில் வேறொருவர் திருத்தியது போயே போச்சு. மாறிய விவரத்தை மட்டும் எழுதியிருக்க வேண்டும். மூன்று தடவை சோதித்த மகராசிக்கு, ஒரே பதிவை இரண்டு பேர் திறப்பார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

நாலு வரியில் திருத்திவிட்டாள். சோதிக்க அவர் பதிவின் நகலையே எடுத்து, அழித்த எண்ணை அதில் திரும்பப் போட்டாள்.

“வேற யாரோடதாவது எடுங்கக்கா.”

“தப்பு நடந்த பதிவுலதாம்மா பாக்கணும்.”

இவள் திறந்து வைத்தாள். பக்கத்துக் கணினியில் அந்தப் பெண் ‘காலமானார்’ என்று மாற்றினாள். இவள் எண்ணை அழித்துச் சேமித்தாள். ‘காலமானார்’ அசையாமல் நின்றது. மறுபடி சோதிக்க, எண்ணையும் சேர்த்து, ‘உயிருடன்’ என்று திருப்பிப் போட வேண்டும். போட்டாள். இரண்டாம் தடவையும் ‘காலமானார்’ நின்றது. திரும்பவும் ‘உயிருடன்’ என்று போட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

“மூணாவது தடவை மாத்தட்டுமாக்கா?”

திரையில் அவர் பெயருக்கு நேரே ‘உயிருடன்’ என்று இருந்தது.

“ரெண்டு தடவை போதும்மா,” என்றாள். “நிஜப் பதிவை நீயே மாத்திடு. இந்த நகல் இப்படியே இருக்கட்டும்.”